பிளாட் வீட்டில் ஹாம் ரேடியோ மேசை: எப்படி அடுக்குவது, இடியிலும் ஈரத்திலும் எப்படிக் காப்பது?

பாயான்பாரு_9ஆம்மாடி எழுதியது:

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) தேர்வில் தேறி, காற்றில் என் அடையாளமாக நிற்கும் அழைப்புக்குறியும் கைக்கு வந்துவிட்டது. ஐகாம் ஐசி-7300 ரேடியோ ஒன்று இரண்டாம் கையாக நல்ல நிலையில் கிடைத்தது. அதோடு 30 ஆம்பியர் ஸ்விட்சிங் பவர் சப்ளை, மோர்ஸ் குறி அடிக்கும் சாவி, லேப்டாப், கையடக்க ரேடியோ ஒன்று. எல்லாம் இப்போது கட்டில்மேல் கிடக்கின்றன.

வீடு ஒன்பதாம் மாடியில், அறை சின்னது. மேசை 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. ஆழம். மேற்குப் பார்த்த தள்ளு ஜன்னல் ஒன்று. அதற்கு மேலே ஏர்கான். 20 மீட்டர் அலைவரிசைக்கு முனையில் ஊட்டும் (ஒரு முனையில் மட்டும் கேபிள் சேரும்) அரையலை ஒயர் ஆண்டெனாவை ஜன்னலுக்கு வெளியே இழுக்கப் போகிறேன். பிளாட் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியாயிற்று.

எதை எங்கே வைப்பது என்று யாராவது சொல்லுங்கள். அப்புறம் இந்த இடி. தீபாவளி நெருங்கும் சமயத்தில் சாயங்காலம் தவறாமல் வெட்டுகிறது. ஒயர் போட்டால் இடியை வீட்டுக்குள் இழுத்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஜெலுத்தோங்_நீள்அலை எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. அலைவரிசையில் சீக்கிரம் சந்திப்போம்.

மேசையை அடுக்கும்போது எல்லோரும் முன்னால் நின்று பார்த்துத்தான் அடுக்குகிறார்கள். திரை நன்றாகத் தெரிகிறதா, குமிழ் கைக்கு வருகிறதா, படம் எடுத்துப் போட்டால் எடுப்பாக இருக்கிறதா என்று. நான் யார் கேட்டாலும் முதலில் பின்பக்கத்தை முடிவு செய்யச் சொல்வேன். வெளியிலிருந்து ரேடியோவுக்கு வரும் எந்த ஒயரையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கை எட்டும் தூரத்தில், கழற்ற முடிய வேண்டும். ஆண்டெனா கேபிள், கரண்டு, இன்டர்நெட் கேபிள், மூன்றும். அரை நிமிடத்தில் இவற்றைக் கழற்ற முடியாத மேசை நம் ஊருக்கு ஒத்துவராது.

காரணம் உங்களுக்கே தெரியும். நம் மலேசியா உலகத்திலேயே இடி மிகுந்த பகுதிகளில் ஒன்று. ஏப்ரல், மே ஒரு சுற்று, அக்டோபர், நவம்பர் இன்னொரு சுற்று, பிற்பகலும் சாயங்காலமும். அது போதாதென்று தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து புயல்வரிசை கிளம்பி மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வந்து சேரும். நாம் தூங்கும் நேரம். அதனால் "இடி கேட்டால் கழற்றுவேன்" என்பது போதாது. ரேடியோவை அணைக்கும்போதே கழற்றிவிட வேண்டும். அது பழக்கமாக வேண்டுமானால் சுலபமாக இருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் தவழ்ந்து போய்த்தான் கழற்ற முடியும் என்றால் இரண்டு வாரம் செய்வீர்கள், அப்புறம் விட்டுவிடுவீர்கள்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். மேசையின் குட்டைப் பக்கம் ஜன்னலை ஒட்டி இருக்கட்டும். தள்ளு ஜன்னலை ஒரு சாண் திறந்தால் வரும் இடைவெளிக்குச் சரியாக ஓர் அலுமினியத் தகடு வெட்டி, சுற்றிலும் ரப்பர் ஒட்டி, அதில் நிறுத்துங்கள். தகட்டில் இரண்டு பக்கமும் மரை உள்ள இணைப்பான் ஒன்று, தேவையானால் இன்னொன்று. வெளி கேபிள் தகட்டின் வெளிப்பக்கம் வந்து நிற்கும். உள்ளே ஒரு சின்ன கேபிள் தகட்டிலிருந்து ரேடியோவுக்கு. கழற்றுவது எப்போதும் தகட்டில்தான், ரேடியோவில் அல்ல. பிஎல்-259 என்ற கேபிள்முனைத் திருகைத் தினமும் கழற்றி மாட்டினால் ஏதோ ஒன்று தேயத்தான் செய்யும். தேய்வது சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் இணைப்பானாக இருக்கட்டும், ரேடியோவின் முதுகில் உள்ள சாக்கெட்டாக வேண்டாம்.

வெளியே கேபிள் தகட்டுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும், உள்ளே வராது.

அம்மாவுக்குச் சொல்லுங்கள்: கூரைக்குக் கீழே, சுவரை ஒட்டித் தொங்கும் ஒயர் இடியைத் தேடி அழைக்காது. கட்டிடத்தின் உச்சியில் இடிதாங்கி அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் எங்காவது விழுந்தாலே நீள ஒயரில் மின்னழுத்தம் தூண்டப்படும், ரேடியோவில் சிக்னல் வாங்கும் முன்முனையை அடிக்க அது போதும். அதனால் கழற்றி வைக்கிறோம். கழற்றிய முனையைத் தகட்டின் பக்கத்திலேயே தொங்க விடாதீர்கள். ஓர் அடி இடைவெளியைத் தாண்டிக்கூடப் பொறி பாயலாம். உள் கேபிளைத் தகட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், வெளி கேபிள் வெளியேயே நிற்கட்டும்.

செந்தூல்_ஒயர்மேன் எழுதியது:

எர்த் பற்றி நான் சொல்கிறேன், தொழிலே இதுதான்.

தம்பி, தனியாக எர்த் தேடி அலைய வேண்டாம். குளியலறைக் குழாய், கேஸ் குழாய் எதிலும் ஒயர் கட்டாதீர்கள். ஒன்பதாம் மாடியில் உங்களுக்கு இருக்கும் எர்த், சுவர் பிளக்கில் வரும் பச்சை மஞ்சள் ஒயர்தான். அது சரியாக வேலை செய்கிறதா என்று லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள். பழைய பிளாட்டுகளில் எர்த் விட்டுப்போன பிளக் பாயிண்ட்டை நிறையப் பார்க்கிறேன். பார்வைக்கு மூன்று ஓட்டையும் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது.

மேசையின் பின் விளிம்பில் ஒரு செப்புப் பட்டை பொருத்துங்கள், ஓர் அங்குல அகலம் போதும். ரேடியோ, பவர் சப்ளை, ஆண்டெனாவை ரேடியோவுக்கு இசைவாக்கும் டியூனர் வைத்தால் அது, ஜன்னல் தகடு எல்லாவற்றின் எர்த் திருகிலிருந்தும் இந்தப் பட்டைக்கு ஒரு குட்டையான தட்டைப் பின்னல் ஒயர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலியாகக் கட்டக் கூடாது, ஒவ்வொன்றும் நேராகப் பட்டைக்கே வர வேண்டும். எல்லாச் சாதனமும் ஒரே மின்னழுத்தத்தில் ஏறி இறங்கினால் இடையில் பாய்வதற்கு ஒன்றும் இல்லை. சாதனம் சேதமாவது பெரும்பாலும் இரண்டு சாதனங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தால்தான்.

எல்லாச் சாதனமும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருக்கட்டும். ரேடியோ ஒரு பிளக், லேப்டாப் எதிர்ச் சுவரில் இன்னொரு பிளக் என்று பிரிக்காதீர்கள். முழு சக்தியில் அனுப்பினாலும் ரேடியோ எடுப்பது 13.8 வோல்ட்டில் 21 ஆம்பியர், அதாவது 290 வாட். பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் சுவர்ப் பக்கம் 2 ஆம்பியர்கூட வராது. ஒரு பிளக் தாராளமாகத் தாங்கும். மேசைமுனையில் ஒரே பிளக், அதை உருவினால் எல்லாம் கழன்றுவிடும்.

சுவிட்சை அணைப்பது கழற்றுவதாகாது. சுவிட்சுக்குள் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

பட்டர்வொர்த்_சாவி எழுதியது:

பின்பக்கத்தைப் பற்றி அண்ணன்மார் இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் உட்காரும் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 60 செ.மீ. ஆழம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கணக்குப் போடுங்கள் தம்பி. ரேடியோ மட்டும் கிட்டத்தட்ட 24 செ.மீ. முன் குமிழும் பின் இணைப்புகளும் சேர்த்தால் 28-ஐத் தொடும். அதற்குப் பின்னால் திருகும் கேபிள் வளைவும் வேண்டும். ஆர்ஜி-213 மாதிரித் தடித்த கேபிளை 5 செ.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. ஆகப் பின்னால் 12 செ.மீ. போய்விட்டது. மிச்சம் 20 செ.மீ. அதில் முழங்கையும் வைக்க முடியாது, சாவியும் வைக்க முடியாது. மோர்ஸ் அடிக்க முன்கை முழுவதும் மேசையில் படிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும், எழுத்துகளின் தாளம் கெடும். சாவிக்கு முன்னால் குறைந்தது 30 செ.மீ. வேண்டும்.

வழி இரண்டு. 75 செ.மீ. ஆழமுள்ள மேசை வாங்கலாம். அல்லது மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து, பின் விளிம்பைத் தாண்டி ஒரு பலகையை நீட்டலாம். மேசையைச் சுவரோடு ஒட்டிவைப்பது எப்படியும் நல்லதல்ல. பின்னால் காற்றும் போகாது, கையும் போகாது.

ரேடியோவை நடுவில் வைக்காதீர்கள். நடுவில் இருக்க வேண்டியது எழுதும் இடமும் கீபோர்டும். வலது கைக்காரர் என்றால் சாவி வலது பக்கம், ரேடியோ இடது பக்கம் கொஞ்சம் உங்களை நோக்கித் திரும்பியபடி. அப்போது இடது கை குமிழைத் திருகும், வலது கை அடிக்கும் அல்லது எழுதும். போட்டி நாட்களில் மணிக்கணக்கில் உட்காரும்போது இதன் அருமை தெரியும். முன் காலை நீட்டி ரேடியோவைச் சற்று நிமிர்த்திவையுங்கள், திரை கண்ணுக்கு நேராக வரும்.

அதன் தலைமேல் எதையும் வைக்காதீர்கள். ஸ்பீக்கர் மேல் மூடியில்தான் இருக்கிறது, விசிறி பின்னால். பவர் சப்ளை மேசைக்குக் கீழே ஒரு சின்னத் தட்டில் இருக்கட்டும், ஆனால் தரையில் வேண்டாம். வீடு துடைக்கும்போது தண்ணீர் போகும், எறும்பு ஏறும்.

தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கிளாசுக்கு மேசையில் இடமே கிடையாது என்று முதல் நாளே தீர்மானம் செய்துவிடுங்கள். பக்கத்தில் மேசையைவிடத் தாழ்வாக ஒரு முக்காலி போட்டு அதில் வையுங்கள். கவிழ்ந்தாலும் தரைக்குத்தான் போகும்.

பிரிக்பீல்ட்ஸ்_எட்டு எழுதியது:

நல்ல இழை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். தினமும் கழற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது. மின்னழுத்தம் எகிறினால் எர்த்துக்குத் திருப்பிவிடும் நல்ல வாயுக்குழாய் அரெஸ்டர் ஒன்றை வாங்கித் தகட்டில் போட்டால் போதும். 100 வாட்டுக்கு 50 ஓமில் உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட்தான், 230 வோல்ட் குழாய் போட்டால் அனுப்பும்போது பற்றிக்கொள்ளாது. எதிர்பாராத நேரத்தில், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அதுதானே காவல்? கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பவர் சப்ளையிலிருந்து ரேடியோவுக்கு வரும் டிசி கேபிள். இரண்டு மீட்டர் 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் 21 ஆம்பியரில் 0.6 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். பேசும்போது திரை மங்கும், குரல் உடையும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு கால் வோல்ட். கேபிளை முடிந்த அளவு குட்டையாக வையுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டிலும் உள்ள ஃபியூஸை எடுத்துவிடாதீர்கள். ஃபியூஸ் போனால் அதே அளவுதான் போட வேண்டும், பெரியது வேண்டாம்.

ஜெலுத்தோங்_நீள்அலை எழுதியது:

டிசி கேபிள் விஷயத்தில் முழு உடன்பாடு. அரெஸ்டர் விஷயத்தில் இல்லை. இது தம்பியின் ரேடியோ பிழைப்பதா போவதா என்ற விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரெஸ்டர் மின்னலை விழுங்குவதில்லை. வழியைத் திருப்பி எர்த்துக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். அதனால் அது எர்த்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். தரைவீட்டில் ஜன்னலுக்கு வெளியே எர்த் கம்பி அடித்து, அதை வீட்டின் மெயின் எர்த்தோடும் இணைத்து, ஓர் அடி தூரத்தில் அரெஸ்டரை வைத்தால் அது உழைக்கும். ஒன்பதாம் மாடியில் தரை எங்கே இருக்கிறது? ஒரு மீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி தூண்டம். மின்னோட்டம் மைக்ரோ வினாடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால் அந்த ஒரு மீட்டரிலேயே 10,000 வோல்ட் நிற்கும். இருபத்தைந்து மீட்டருக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒயரின் ஓம் மீட்டரில் கிட்டத்தட்ட சுழியம் காட்டும், ஆனால் மின்னலுக்கு அது சுவர்.

அதனால் அரெஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வையுங்கள். செந்தூல் சொன்ன பட்டையோடு சேர்த்துக் கட்டினால் கேபிளின் உள்கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையே வரும் அழுத்தத்தைத் தட்டிவிடும், தூரத்து இடியின் தூண்டலுக்கு நல்ல காவல். ஆனால் அதை நம்பி ஆண்டெனாவை மாட்டியபடி வேலைக்குப் போகாதீர்கள். ஸர்ஜ் எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான். மின்னழுத்தம் எகிறாமல் தடுக்க உள்ளே இருக்கும் வேரிஸ்டர் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், விளக்கு எரிந்தாலும் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது.

அருகில் இடி விழுந்து பழுதான ரேடியோ ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு கீறல் இல்லை. ஆண்டெனா சாக்கெட்டுக்குப் பின்னால் போர்டின் செப்புத் தடம் ஒரு விரல்நீளம் ஆவியாகி, அந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. அதை ஒட்டிய ரிலேயின் உள்ளே தொடுமுனைகள் இரண்டும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. கழற்றி வைத்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பாயான்பாரு_9ஆம்மாடி எழுதியது:

அண்ணே, மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், தினமும் கழற்றுவதாக இருந்தால் சரி என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஏர்கான் போட்ட அறையில் ரேடியோ நல்லா இருக்குமா? அப்புறம், இதே ஆண்டெனாவைச் சில நாள் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தபோது, அனுப்பினால் லேப்டாப்பின் யுஎஸ்பி துண்டித்துப் போகிறது. மைக்கின் உலோகப் பகுதி உதட்டில் பட்டால் சுள்ளென்கிறது.

பட்டர்வொர்த்_சாவி எழுதியது:

ஏர்கான் கெடுதல் இல்லை. அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பதுதான் கெடுதல். வெளியே 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. அறை 23-இல் இருந்தால் ரேடியோவின் உலோகமும் 23. ஜன்னலைத் திறந்ததும் ஐஸ் போட்ட கிளாஸ் வேர்ப்பது போல ரேடியோ வேர்க்கும், உள்ளேயும்தான். ஏர்கானை அணைத்தபின் ஒரு மணி நேரமாவது ஜன்னலை மூடியே வையுங்கள். உங்கள் ஏர்கான் ஜன்னலுக்கு மேலே என்றீர்கள், அதன் காற்று நேராக ரேடியோமேல் விழாதபடி மேசையைத் தள்ளுங்கள். மேற்கு வெயிலும் நேராகப் படக் கூடாது. திரைச்சீலை போடுங்கள்.

தூசுக்காக பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். பருத்தித் துணி போதும், அதுவும் ரேடியோ ஆறியபிறகு. நான் கடலோரத்தில் இருக்கிறேன். வெளியே விட்ட பிஎல்-259 திருகைக் கழற்றினால் மரைக்குள் பச்சை பூத்திருக்கும், நடு ஊசி மங்கிப் போயிருக்கும். வெளி இணைப்புகளை தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். பல மாதம் பயன்படுத்தாத கையடக்க ரேடியோவின் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

பல்லியை மறந்துவிடாதீர்கள். சூடான பவர் சப்ளையின் காற்றுத் துளை அதற்கு ரொம்பப் பிடித்த இடம். உள்ளே 230 வோல்ட் பக்கம் குறுக்கே விழுந்தால் பல்லியும் போகும், சப்ளையும் போகும். துளைகளுக்கு வெளியே மெல்லிய கம்பிவலை ஒட்டுங்கள், விசிறியின் காற்றை மட்டும் மறிக்க வேண்டாம்.

ஒரு பேட்டரியும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 பிற்பகலில் நம் பினாங்குக் கரையையும் சுனாமி அலை அடித்தது. அப்போது அந்தமானில் ரேடியோ முகாம் போட்டிருந்த இந்திய ஹாம்கள் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓட்டி எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்தி சொன்னார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை மேசைக்குக் கீழே வைக்க ஏற்றது. ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்_எட்டு எழுதியது:

அரெஸ்டர் விளக்கத்துக்கு நன்றி அண்ணே. நான் இருப்பது தரைவீடு, மாடிவீட்டுக் கணக்கு வேறு என்பது சரிதான்.

தம்பியின் யுஎஸ்பி தொல்லைக்கு வருகிறேன். முனையில் ஊட்டும் ஆண்டெனாவுக்கு இது வழக்கமான நோய். கேபிளின் வெளி உறை எதிர்முனையாக வேலை செய்து, அலையை மேசைவரை கொண்டுவந்துவிடுகிறது. 31 வகைக் கலவையில் செய்த ஃபெரைட் (காந்தப்பொருள்) வளையம், 61 மி.மீ. வெளி விட்டம் உள்ளது, வாங்கி அதில் ஆர்ஜி-58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி ஜன்னல் தகட்டுக்கு அருகே வையுங்கள். யுஎஸ்பி கேபிளிலும் ஒரு சின்ன வளையத்தில் நாலைந்து சுற்று. கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கம் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஆனால் எந்த வகை என்று தெரியாத வளையத்தை வாங்காதீர்கள்.

கேபிளும் ஆண்டெனா ஒயரும் சேரும் இடத்தில் உள்ள 49:1 மாற்றிப் பெட்டி கை எட்டாத இடத்தில் இருக்கட்டும். 100 வாட்டில் ஒயர் முனையில் உச்சம் 700 வோல்ட்டைத் தொடும், தொட்டால் சுடும். எஃப்டி8 என்ற கணினி வழிச் செய்தி முறையை ஓட்டும்போது சக்தியைக் குறையுங்கள். 15 வினாடிச் சுற்றில் 12.6 வினாடி முழு வீச்சில் அனுப்புகிறோம், பேச்சு மாதிரி இடைவெளி கிடையாது. 25, 30 வாட் போதும், விசிறியும் ரேடியோவும் நன்றி சொல்லும்.

செந்தூல்_ஒயர்மேன் எழுதியது:

மைக் சுள்ளென்பது அலை. லேப்டாப் உடலைத் தடவினால் நறநறவென்று இருப்பது வேறு, அது இரண்டு முள் அடாப்டரின் கசிவு. யுஎஸ்பி வழியாக ரேடியோவோடு இணைந்து, ரேடியோ பட்டையோடு இணைந்ததும் அது நின்றுவிடும். அனுப்பாதபோதும் ரேடியோவில் சுள்ளென்றால் எர்த் இல்லை என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட்டு ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஜெலுத்தோங்_நீள்அலை எழுதியது:

வளையம் போட்டபிறகும் தொல்லை இருந்தால் 20 மீட்டரில் மட்டும் வருகிறதா, 10 மீட்டரிலும் வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள், கேபிள் நீளத்தை மாற்றிப் பார்க்கலாம்.

நம் பினாங்குத் தீவுக்கு ரேடியோ புதிதல்ல தம்பி. 1930களிலேயே பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி இசட்எச்ஜே என்ற நிலையத்தை நடத்தியது. இங்கே ஒரு புது அழைப்புக்குறி காற்றில் ஏறுவது எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

பாயான்பாரு_9ஆம்மாடி எழுதியது:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்னால் பலகை போடப் போகிறேன், ரேடியோ இடது பக்கம், ஜன்னல் தகடு இடது கை எட்டும் இடத்தில். பவர் சப்ளைக்குக் கீழ்த்தட்டு. செப்புப் பட்டையும் வளையமும் இந்த வாரம் வாங்குகிறேன். செந்தூல் அண்ணே, எக்ஸ்டென்ஷன் எந்த அளவு கேபிள் உள்ளதாக வாங்க வேண்டும்? பிளக் ஃபியூஸ்?

செந்தூல்_ஒயர்மேன் எழுதியது:

1.5 சதுர மி.மீ., மூன்று கம்பி, சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளது. இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம், சுருட்டி வைக்கவும் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பிளக்கில் 13 ஆம்பியர் அப்படியே இருக்கட்டும், பவர் சப்ளையின் பிளக்கில் 5 ஆம்பியர் போடுங்கள்.